எட்டும் ஏழும்

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டதே ஒருவரையொருவர் தோற்கடித்ததில்தான்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஜெர்மனியில், டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் இருபது நிமிடத் தொலைவில் ஒரு நகரம். நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பிறகும், அந்த வேலைக்கென்று வந்த துருக்கியரும் மொரோக்கோக்காரரும் இத்தாலியரும் அங்கேயே வயதாகிக்கொண்டிருந்தார்கள். எண்பதுகளில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்திறங்கிய நாங்கள் அவர்களுக்கு நடுவே ஒரு சின்னக் கூட்டம். நகரசபைத் தேர்தலில் எங்களில் அநேகருக்கு வாக்கில்லை. அதற்குப் பதிலாக வெளிநாட்டவர் ஆலோசனைச் சபை என்று ஒன்று இருந்தது. சட்டம் போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. நகரசபைக்கு யோசனை சொல்லலாம். யோசனை சொல்வதற்கான பதினைந்து கதிரைகளுக்கு அம்முறை பத்துப் பட்டியல்கள் போட்டியிட்டன. அவற்றில் தமிழருக்கு மட்டும் இரண்டு.

ஒன்று தமிழ்ப் பள்ளிக்கூடக்காரர் போட்டது. மற்றது விளையாட்டுக் கழகக்காரர், அதாவது நாங்கள் போட்டது. ஏன் இரண்டு என்று கேட்டால் இன்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஏதோ ஒரு கலைவிழாவில் யாரை முன்வரிசையில் இருத்துவது என்று தொடங்கிய மனத்தாங்கல். நான் பொதிகள் பிரிக்கும் நிலையம் ஒன்றில் வேலை செய்தேன். ஜெர்மன் பிழையில்லாமல் எழுதுவேன் என்பதால் எங்கள் பட்டியலின் துண்டுப்பிரசுரத்தை எழுதியவன் நான்தான். பள்ளிக்கூடப் பட்டியலில் இரண்டாவது பெயர் அவருடையது.

ஐம்பதைச் சற்றே தாண்டிய வயது. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். கணவர் இல்லை, ஒரே மகள் மியூனிக் பக்கத்தில் கார்ஹிங்கில் படித்துக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் அவருக்கு வேலை. நகரத்துத் தமிழர் எல்லோருக்கும் அவர் ‘மன்னார் அக்கா’. வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் அழைத்தார்கள்.

முடிவு வந்தபோது துருக்கியப் பெரிய பட்டியலுக்கு எட்டு இடம். மிச்சம் ஏழு. மொரோக்கோக்காரருக்கு இரண்டு, இத்தாலி, பொஸ்னியா, ரஷ்யா, கொங்கோ என்று ஒவ்வொன்று, பள்ளிக்கூடப் பட்டியலுக்கு ஒன்று. எங்களுக்குப் பூச்சியம்.

மறுநாள் எனக்குப் பின்னேர வேலை, காலையில் வீட்டில் இருந்தேன். சவரம் செய்துகொண்டிருந்தபோது அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் மழைக்கோட்டோடு அக்கா.

“தம்பி, உள்ள வரலாமோ?”

முந்தைய இரவுவரை நாங்கள் எதிரிகள். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேநீர் வைக்கப் போனாள். அக்கா மேசையில் அமர்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“உங்களுக்கு ஒரு ஆள் வாறதுக்கு எத்தினை வாக்குக் குறைஞ்சது?”

“பதினொண்டு.”

“எங்களுக்கு ரெண்டாவது ஆள் வாறதுக்கு நாப்பது. சேர்ந்து நிண்டிருந்தால் ரெண்டு பேர் போயிருக்கலாம்.”

எனக்குக் கோபம் வந்தது. “இதைச் சொல்லவோ அக்கா காலமை வந்தனீங்கள்?”

“இல்லை. எங்கட தலைவர் விலகிறாராம். எட்டுப் பேர் ஒரு பக்கம் இருக்கேக்க அங்க போய் என்ன செய்யிறது எண்டு கேக்கிறார். அடுத்த பெயர் என்ரை. நான்தான் போகவேணும். எனக்குக் கதைக்க ஓரளவுக்கு ஏலும், எழுத ஏலாது. நீங்கள் எழுதித் தரவேணும்.”

“நான் மற்றப் பட்டியல், அக்கா.”

“அது நேற்று,” என்றார் அவர். தேநீரைக் குடித்துவிட்டு, சபையின் விதிமுறைப் புத்தகத்தை என் கையில் தந்துவிட்டுப் போனார். வியாழனுக்குள் வாசித்து அவருக்கு விளக்க வேண்டுமாம்.

எதிர்ப்பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர் பக்கத்தில் போய் உட்காருவது அக்காவின் சுபாவம். கல்யாண வீடு, செத்த வீடு, தேவாலயத்துக் கூட்டம், எங்கே போனாலும் தனக்குத் தெரிந்தவர்கள் இருக்கும் வரிசையைக் கடந்து போவார். தனியாக இருப்பவர், முகத்தைத் தூக்கி வைத்திருப்பவர், தன்னைப் பற்றிப் புறம் பேசியவர் என்று யாரையாவது தேடிப் பிடித்துப் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்வார். அன்பு காட்டப் போகிறார் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். சிரிக்கவும் மாட்டார். “உங்களுக்கு என்ன பிரச்சினை?” என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை எழும்பமாட்டார். சிலருக்கு அது பெரிய உபத்திரவம். அக்கா மண்டபத்துக்குள் வந்தால் பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைத்துவிடும் ஒருவரை எனக்குத் தெரியும்.

சபையின் முதல் கூட்டத்துக்கு நான் பார்வையாளனாகப் போனேன். தலைவர், உபதலைவர், செயலாளர் என்று மூன்று பதவியையும் பெரிய பட்டியலே எடுத்துக்கொண்டது. தலைவர் பயணச்சீட்டு விற்கும் நிலையம் ஒன்றின் உரிமையாளர். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட கோட்டு, எல்லோருக்கும் கை கொடுக்கும் மரியாதை. கெட்ட மனிதர் இல்லை. பத்து வருடமாக அந்தச் சபையை இழுத்துக்கொண்டு வந்தவர். எட்டுப் பேரும் ஒரே மேசையில் இருந்தார்கள். மற்ற ஏழு பேரும் ஆளுக்கொரு மூலையில், சொந்த நாட்டுப் பார்வையாளர்களின் முன்னே இருந்தார்கள். அக்கா உள்ளே வந்தார், எல்லோரையும் பார்த்தார், நேரே போய்த் தலைவரின் பக்கத்தில் இருந்த வெற்றுக் கதிரையில் உட்கார்ந்தார். அது உபதலைவருக்கென்று வைத்திருந்த இடம். யாருக்கும் எழுப்ப வாய் வரவில்லை.

அந்தக் கூட்டத்தில் பல்லினக் கலாசார விழாவைப் பற்றிப் பேச்சு வந்தது. தலைவர் சிரித்தபடி, தமிழர்கள் வழக்கம்போல அந்தச் சுவையான ரோல்ஸ் கொண்டு வருவார்கள்தானே என்றார். அக்கா எழுந்து, இலக்கணமில்லாத ஜெர்மனில், தான் சமைப்பது சம்பளத்துக்கு என்றும் இங்கே வந்தது கதைப்பதற்கு என்றும் சொன்னார். திரும்பி வரும்போது ட்ராமில் நான் கேட்டேன்.

“ஒரு தட்டு ரோல்ஸ்தானே அக்கா. குடுத்திருக்கலாம்.”

“குடுக்கலாம். பிறகு சாப்பாட்டுக்காரி எண்டுதான் என்னைத் தெரியும். நான் கேக்கிறது ஒருத்தருக்கும் கேளாது.”

சபையில் இருந்த காலம் முழுக்க அவர் ஒரு கூட்டத்துக்கும் தின்பண்டம் கொண்டு போகவில்லை.

அவருடைய ஜெர்மனில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொற்றொடர் இருந்தது: ‘நொஹ் நிஷ்ட்’. ‘இன்னும் இல்லை’ என்று பொருள். அலுவலகத்தில் ஒருவர் முடியாது என்று சொன்னால், அவரைத் திருத்துவதுபோல மெதுவாக, “நொஹ் நிஷ்ட்” என்பார். முதலில் நான் இதை அவருக்குச் சொல் வராத குறை என்று நினைத்தேன்.

அவர் என்னைக் கொண்டு எழுதுவித்த முதல் விண்ணப்பம் மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றியது. நகரத்து மருத்துவமனையிலும் அலுவலகங்களிலும் துருக்கிய மொழிக்கு இரண்டு பேர் இருந்தார்கள். மற்ற மொழிக்காரர் யாரையாவது தாங்களே கூட்டிக்கொண்டு போக வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் பகலில் எப்படி வருவது? அதனால் பிள்ளைகள் போனார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவின் இரத்தப் பரிசோதனை முடிவையும், அப்பாவின் வதிவிட அனுமதிக் கடிதத்தையும் பெரியவர்களுக்கு விளக்கினார்கள். எல்லா மொழிக்கும் சம்பளத்துக்கு ஆள் வேண்டும், மருத்துவமனையில் பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்க்கக் கூடாது என்பது அக்காவின் விண்ணப்பம்.

வாக்கெடுப்பில் மூன்று கைகள் உயர்ந்தன. அக்கா, பொஸ்னியப் பெண், கொங்கோக்காரர்.

தலைவர் கூட்டம் முடிந்து எங்களிடம் வந்தார். “நீங்கள் கேட்பது நியாயம்,” என்றார். “அந்த இரண்டு பேரை வாங்க எனக்கு ஆறு வருடம் பிடித்தது. எல்லா மொழிக்கும் கேட்டால் நகரசபை என்ன சொல்லும் தெரியுமா? அதே இரண்டு பேரின் சம்பளத்தைப் பங்கு போடுங்கள் என்று சொல்லும். உள்ளதும் போகும்.”

நான் அதைத் தமிழில் சொன்னேன். அக்கா தலையாட்டினார்.

“அவர் பயப்பிடுறது சரி,” என்றார் என்னிடம். “ஆனா எட்டுப் பேரும் அந்தப் பயத்தோடயே இருக்கினமோ? அதைப் பாப்பம்.”

முதலில் தன் பக்கத்து ஏழைச் சரிசெய்யத் தொடங்கினார். அது சுலபமில்லை. ரஷ்யப் பெண் தலைவருக்குக் கடமைப்பட்டவர். மொரோக்கோக்காரர் இரண்டு பேரில் மூத்தவர் தலைவரின் தமையனோடு ஒரே சுரங்கத்தில் இறங்கியவர். அந்த நட்பை விட்டு எதிர்த்துக் கை தூக்க அவருக்கு மனமில்லை. அவருக்குச் சொந்தமாக ஒரு தோட்டத்துண்டு இருந்தது. அக்கா மூன்று சனிக்கிழமை அங்கே போய் அவரோடு களை பிடுங்கினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். விண்ணப்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லையாம். நாலாவது சனிக்கிழமை கிழவரே, “சரி, அந்தக் காகிதத்தில் என்னதான் எழுதியிருக்கிறாய்?” என்று கேட்டிருக்கிறார்.

இத்தாலியரின் கதை வேறு. அவர் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தார். “எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஜெர்மன் தெரியும், எங்களுக்கு எதற்கு?” என்பது அவர் வாதம். அவருடைய தாய் இருந்தது அக்கா வேலை செய்த முதியோர் இல்லத்தில். நாற்பது வருடம் ஜெர்மன் பேசிய அந்த அம்மா, மறதி நோய் வந்த பிறகு ஜெர்மனை முழுக்க மறந்துவிட்டார். மத்தியானத்தில் தட்டைத் தள்ளிவிட்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்துவாராம். சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைத்துத் தாதிகள் தட்டை எடுத்துப் போய்விடுவார்கள். ஒருநாள் அக்கா தள்ளுவண்டியோடு அந்தப் பக்கம் போனபோது சொல் காதில் விழுந்தது. “பானே, பானே!”

எங்கள் ஊரில் ரொட்டியைப் பாண் என்போம்; இத்தாலியனிலும் ஏறக்குறைய அதே சொல்தான். அக்கா ஒரு துண்டு பாணை வெட்டிக் கையில் கொடுத்தார். அந்த அம்மா அதைச் சூப்பில் தொட்டுத் தொட்டுத் தட்டைக் காலிசெய்தாராம்.

அடுத்த கூட்டத்தில் அக்கா இத்தாலியரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உங்கள் அம்மா பாண் கேட்டிருக்கிறார்,” என்று நான் மொழிபெயர்த்தேன். “மன்னாரில் பிறந்த ஒருத்தி அந்த நேரம் பக்கத்தில் இருந்தது தற்செயல். நான் லீவில் போனால் யாருக்கு விளங்கும்?”

அவர் முகம் மாறியது. மறுவாரம் விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி வந்தார்: முதியோர் இல்லங்களுக்கும் வேண்டும்.

இப்படி ஒவ்வொருவராக ஏழு பேர் ஆனார்கள். ஒன்றரை வருடம் பிடித்தது. அந்தக் காலத்தில் எங்கள் தமிழர் மத்தியில் அக்காவுக்கு நல்ல பெயர் இருக்கவில்லை. ஊரில் சமாதானப் பேச்சு குலைந்து மறுபடி சண்டை தொடங்கியிருந்தது. கிடைத்த ஒரு கதிரையில் இருந்துகொண்டு எங்கள் நாட்டைப் பற்றிப் பேசாமல், மொரோக்கோக்காரனோடு புல்லுப் பிடுங்குகிறாள் என்று கதைத்தார்கள். பள்ளிக்கூட நிர்வாகத்தினர் ஒரு ஞாயிறு அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நானும் போயிருந்தேன்.

“எங்கட சனம் சாகுது. நீங்கள் அங்க ஒரு தீர்மானம் கொண்டு வந்தால் என்ன?” என்று கேட்டார் ஒருவர்.

“கொண்டு வாறன், அண்ணை. இண்டைக்குக் கொண்டு வந்தால் என்ரை ஒரு கைதான் எழும்பும். பேப்பரில ஒண்டுக்குப் பதினாலு எண்டு வரும். அது உங்களுக்குச் சந்தோசமோ?”

“அப்ப எப்ப?”

“அவையின்ரை கஷ்டத்துக்கு நாங்கள் கை தூக்கினாப் பிறகு. அதுக்கு முதல் கேக்க எனக்கு வாய் வராது.”

ஒருவரும் சமாதானமடையவில்லை. வெளியே வந்ததும் அக்கா மழைக்கோட்டின் பொத்தான்களை மாற்றிப் பூட்டியதைக் கண்டேன். அவருடைய தம்பி குடும்பம் அப்போது வன்னியில் இருந்தது. அதை அவர் அந்த அறைக்குள் சொல்லவே இல்லை.

ஏழு ஆனாலும் ஏழு ஏழுதான். எட்டு வேண்டும். பெரிய பட்டியலில் செய்னப் என்ற பெண் இருந்தார். மருந்துக்கடையில் வேலை, நாற்பது வயது, கூட்டங்களில் அதிகம் பேசமாட்டார். விண்ணப்பம் விவாதிக்கப்படும்போதெல்லாம் அவர் காகிதத்தில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருப்பதை அக்கா கவனித்திருந்தார். “மற்ற நேரம் வரையிறேல்லை,” என்றார் என்னிடம். ஒரு ஞாயிறு பின்னேரம் என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

சின்னக் குசினி. மேசைக்கு ஒரு பக்கம் செய்னப், மறுபக்கம் நான். அக்கா வழக்கம்போல செய்னப்பின் பக்கத்தில். தேநீர் வந்தது. அக்கா என்னைப் பார்த்து, “நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ, தம்பி. கூட்டிக் குறைச்சுச் சொல்லாதேங்கோ,” என்றார்.

பிறகு தமிழில் சொல்லத் தொடங்கினார்.

“என்ரை மனுசன் வயித்து நோ எண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர். நாங்கள் வந்து மூண்டு வருசம். எனக்கு ஜெர்மன் இல்லை, அவருக்கும் இல்லை. மகளுக்குப் பத்து வயசு. அவளைத்தான் கூட்டிக்கொண்டு போனனாங்கள். டொக்டர் கனநேரம் கதைச்சார். பிள்ளை கேட்டுக்கொண்டு நிண்டது. நான் என்னவாம் எண்டு கேட்டன். அவள் டொக்டரைப் பாத்தாள், தேப்பனைப் பாத்தாள். பிறகு, ‘அப்பாவுக்குச் சுகம் வரும், ஆனா கொஞ்சம் நாள் எடுக்குமாம்’ எண்டு சொன்னாள்.”

நான் அதை ஜெர்மனில் சொன்னேன்.

“அவர் அஞ்சு கிழமையில செத்துப்போனார். டொக்டர் அண்டைக்கே சொல்லியிருக்கிறார், ரெண்டு மாதம் தாண்டாது எண்டு. அந்த அஞ்சு கிழமையும் என்ரை பிள்ளை அதைத் தனியா வச்சுக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கு. எனக்கு முன்னால சிரிச்சிருக்கு.”

பொதி நிலையத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு விதிமுறைகளை மொழிபெயர்த்துப் பழகியவன் நான். இந்த வசனத்துக்கு எனக்குச் சொல் வரவில்லை. அக்கா என் பக்கம் திரும்பினார்.

“நிப்பாட்டாதேங்கோ. சொல்லுங்கோ.”

சொன்னேன். செய்னப் எழுந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒன்றும் கழுவாமல் நின்றார். பிறகு குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

“என் அம்மாவை மருத்துவமனையில் வைத்திருந்தபோது துருக்கிய மொழிபெயர்ப்பாளர் வந்தார். நல்ல மனிதர். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கையெழுத்துப் போட்டார். மறுநாள் என்னிடம், என்னை எதற்கு வெட்டினார்கள் என்று கேட்டார். அம்மாவுக்குக் குர்து மொழி மட்டும்தான் தெரியும். துருக்கியம் தெரியாது என்று சொல்ல அவருக்கு வெட்கம்.”

அக்காவுக்கு நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள், செய்னப் தானாகவே சொன்னார்: “எங்கள் பட்டியலில் இதை நான் ஒருபோதும் சொன்னதில்லை.”

“நீங்கள் சொல்லவேணும் எண்டு நான் கேக்க வரேல்லை,” என்றார் அக்கா. “எனக்குத் தெரிஞ்சதை உங்களுக்குச் சொல்ல வந்தனான்.”

வாக்கெடுப்பு நெருங்கியபோது அக்கா மகளை அழைத்தார். கணவரின் கதையைச் சபையில் சொல்லலாமா என்று கேட்டார். மகள் மறுத்துவிட்டாள். “அம்மா, அது என்ரை. அதைச் சபையில வைக்காதேங்கோ,” என்றாளாம். செய்னப்பின் வீட்டில் சொன்னதே அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு கிழமை தாயோடு பேசவில்லை. அக்கா செய்தது சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை. பிள்ளை மறைத்து வைத்த காயத்தை அவளைக் கேளாமல் இன்னொருத்தியின் குசினியில் வைத்தார். அதை அவரும் அறிந்திருந்தார். “கேட்டிட்டுச் சொல்லியிருக்கவேணும். பிழைதான்,” என்றார் என்னிடம். அதற்குமேல் தன் பக்க நியாயம் எதுவும் சொல்லவில்லை.

வாக்கெடுப்பு அன்று மண்டபம் நிறைந்திருந்தது. அக்கா எழுந்து விண்ணப்பத்தை மட்டும் வாசித்தார். கணவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. தலைவர், உள்ளதும் போய்விடும் என்ற தன் பழைய எச்சரிக்கையைச் சொன்னார். கைகளைத் தூக்கச் சொன்னபோது ஏழு எழும்பின. செய்னப் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடிந்தது என்று நினைத்தேன். எண்ணுபவர், “ஏழு” என்று வாய் திறந்தபோது செய்னப் எழுந்தே நின்றார். கையைத் தூக்கினாலே போதும், ஆனால் எழுந்து நின்று, தன் தாயைப் பற்றி ஆறேழு வசனம் பேசினார். அவருடைய மேசையில் ஒருவர் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போனார்.

எட்டு. எதிர்த்து ஆறு.

வாசலில் கொங்கோக்காரர் அக்காவைக் கட்டிப்பிடித்தார். அந்தச் சந்தோஷத்தில் எல்லோருக்கும் கணக்கு ஓடத் தொடங்கியது. எட்டுப் பேர் இப்போது நம் பக்கம். தலைவரை மாற்றலாம். அடுத்த கூட்டத்திலேயே வாக்கெடுப்புக் கேட்கலாம். அக்காதான் தலைவர் என்று பொஸ்னியப் பெண் சொன்னார். எங்கள் இரண்டு தமிழ்க் கழகங்களும் அடுத்த நாளே என்னைக் கூப்பிட்டுப் பேசின. ஒரு தமிழச்சி தலைவரானால் இரண்டு பட்டியலும் ஒன்றாகிவிடும் என்றார்கள். ஒன்றரை வருடமாக அவரைப் பழித்தவர்கள் வாழ்த்து மடல் அச்சடிக்கத் தயாராக இருந்தார்கள்.

அக்கா அடுத்த கூட்டத்துக்கு வந்தார். தலைவர் தனியாக இருந்தார். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அக்கா போய் அங்கே உட்கார்ந்தார்.

“தலைவர் அவரே இருக்கட்டும்,” என்றார் சபையில். “உபதலைவராகச் செய்னப் வரட்டும். நாங்கள் நகரசபைக்கு ஏழும் எட்டுமாப் போனால் அங்க சிரிப்பினம். பதினைஞ்சாப் போவம்.”

எங்கள் பக்கத்தில் பலருக்கு ஏமாற்றம். எனக்கும்தான். வெளியே வந்து அவரோடு சண்டை பிடித்தேன்.

“வெண்டாப் பிறகு விட்டுக்குடுக்கிறதோ அக்கா?”

“அவர் ஆறு வருசம் அலைஞ்சு ரெண்டு பேரை வாங்கினவர், தம்பி. எந்தக் கதவைத் தட்டவேணும் எண்டு அவருக்குத்தான் தெரியும். எனக்கு அந்தக் கதிரை வேண்டாம். அந்த மனுசன் வேணும்.”

தலைவர் வந்தார். இஸ்திரி போட்ட கோட்டோடு அக்காவையும் செய்னப்பையும் கூட்டிக்கொண்டு நகரசபைக் கட்சிகளின் அலுவலகம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். அந்த இலையுதிர் காலத்தில் நகரசபை ஒரு வருடப் பரீட்சார்த்தமாக ஒத்துக்கொண்டது. ஒன்பது மொழிகள். குர்து மொழி இருந்தது. அரபு இருந்தது. துருக்கியர் இரண்டு பேருக்கும் வேலை போகவில்லை. பட்டியலை நான் மூன்று தடவை வாசித்தேன். தமிழ் இல்லை. பேசுவோர் தொகை போதாதாம்.

அன்று எங்கள் சனம் சொன்னதை இங்கே எழுத விருப்பமில்லை. அக்காவின் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. ஊருக்கெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தவள் என்றார்கள். நான் மாலையில் போனபோது அவர் வேலை உடுப்பை மாற்றாமல் குசினி மேசையில் இருந்தார். கண்கள் சிவந்திருந்தன. அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான், அதுவும் முடிந்த பிறகு.

“இல்லையெண்டு எழுதியிருக்கினமோ, தொகை காணாது எண்டு எழுதியிருக்கினமோ?” என்று கேட்டார்.

“தொகை காணாது எண்டு.”

“அப்ப நொஹ் நிஷ்ட்.” பேனையை என் பக்கம் தள்ளினார். “எழுதுங்கோ. மருத்துவமனைக்குப் போன தமிழ்ச் சனம் எத்தினை எண்டு ஆரும் எண்ணேல்லை. நாங்கள் எண்ணுவம். ரெண்டு கழகமும் சேர்ந்து எண்ணவேணும். தனித்தனியா எண்டால் நான் வரமாட்டன்.”

இரண்டு கழகமும் முதன்முதலாக ஒரே மேசையில் இருந்தது அதற்காகத்தான். வீடு வீடாகப் போனோம். கையெழுத்து வாங்கினோம். எங்களுக்காக மொரோக்கோக் கிழவர் நகரசபைக் கூட்டத்தில் எழுந்து பேசினார். அவருக்குப் பின்னால் இத்தாலியர், பிறகு தலைவரே. ஊரைப் பற்றிய தீர்மானமும் அந்த வருடமே வந்தது. பதினைந்து கைகளும் உயர்ந்தன. அக்கா அதற்கு மட்டும் எழுந்து நின்று வாக்களித்தார்.

பரீட்சார்த்த வருடம் முடிந்தபோது பட்டியல் பதினொரு மொழியாயிற்று. பத்தாவதாகத் தமிழ். பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிய முதல் மூன்று பேரில் நானும் ஒருவன்.

என் முதல் டெர்மின், அதாவது மொழிபெயர்க்கக் குறித்துக் கொடுத்த நேரம், ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு. பெண்கள் பிரிவில் எங்கள் ஊர்ப் பெண் ஒருவர். கட்டிலின் அருகே கணவர், அவருக்குப் பக்கத்தில் பதினொரு வயதுப் பெண்பிள்ளை. பள்ளிக்கூடப் பை முதுகில் இருந்தது. அவளைக் கூட்டி வர வேண்டாமென்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. மருத்துவர் கோப்பைத் திறந்தபோது அந்தப் பிள்ளை பழக்கத்தில் ஒரு அடி முன்னால் வந்து நின்றாள்.

“பிள்ளை, நீங்கள் வெளியில இருங்கோ,” என்றேன்.

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். “அப்ப அம்மாவுக்கு ஆர் சொல்லுறது?”

“நான் சொல்லுறன்.”

தாயைப் பார்த்தாள். தாய் தலையாட்டினார். அவள் வெளியே போனாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, மருத்துவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சொல்ல இலகுவான செய்தி இல்லை அது. சொல்லி முடித்தபோது அந்தக் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாலையில் அக்காவை அழைத்தேன். அவர் நோயைப் பற்றிக் கேட்கவில்லை. அதை நான் வெளியே சொல்லக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

“பிள்ளை இருந்ததோ?”

“ஓம் அக்கா. கூட்டிக்கொண்டு வந்திருந்தவை.”

“எங்க நிண்டது?”

“வெளியில. வாங்கில இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தது.”

மறுமுனையில் அவர் கதிரையை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

“நாளைக்கும் ஒரு டெர்மின் இருக்கெண்டனீங்கள் என்ன?” என்றார் பிறகு. குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. “எட்டு மணி ட்ராமை விடாதேங்கோ. பத்து நிமிசம் முந்திப் போய் நில்லுங்கோ, தம்பி.”